இல்லாத மாத்திரைக்கு அடி வாங்கியவன்

சுபியான் என் சகலன். ஒரே உம்மாவின் இரண்டு மகள்மாரைக் கட்டியவர்கள் நாங்கள். கட்டியதோடு அந்த உம்மாவின் வளவுக்குள்ளேயே அடுத்தடுத்த வீடுகளில் குடிவந்து சேர்ந்தவர்கள். எங்கள் சாய்ந்தமருதில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவான். முறுகிக்கொண்டால் அதே பெட்டியோடு போவான். நான் ஆணியும் சீமெந்தும் விற்கிறவன், எனக்கு வாய் நீளம். சுபியான் வாய் திறப்பதே அபூர்வம். அதனால் அவன் கதையையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் பேசாததற்குக் காரணம் உண்டு. இப்போது கல்முனையில் பெரிய தெருவோரம் அவனுக்குச் சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. முன்னர் மேற்கே, சிங்கள ஆட்கள் அதிகமாக உள்ள ஒரு டவுனில், வேறொருவரின் கடையில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தான். முஸ்லிம் கடைகளில் ஆண்களை மலடாக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று ஒரு புரளி ஓடிய காலம் அது. ஒரு பின்னேரம் கூட்டமாக நுழைந்தவர்கள் அடுப்படியில் இருந்த அப்பச்சோடாப் பக்கெட்டைத் தூக்கிப் பிடித்து, இதுதான் அந்த மருந்து என்றார்கள். வடைக்குப் போடுகிறது என்று சுபியான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான். இரண்டு கன்னத்திலும் மாறி மாறி விழுந்தது. கடையில் ஒரு கண்ணாடி மிஞ்சவில்லை.

அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் எங்குமே கிடையாது என்று பிறகு டொக்டர்மார் சொன்னார்கள். பிறகு சொல்லி என்ன பிரயோசனம்? அவனுடைய காது இரண்டும் அன்றோடு மந்தமாகிவிட்டன. கிட்ட நின்று முகத்தைப் பார்த்துச் சத்தமாகக் கதைத்தால் விளங்கிக்கொள்வான். அதைவிட மோசம், தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று அவனுக்கே தெரியாது. இரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் கேட்கச் சொல்வான். இரண்டொரு தடவை அப்படி மானம் போனபின் பேச்சையே சுருக்கிக்கொண்டான்.

அவன் மனைவி றுமைஸா, என் மனைவி முஸ்பிறாவுக்குத் தங்கச்சி. மூன்று பெண் பிள்ளைகள் பிறந்து, நாலாவதும் பெண்ணாக வந்தது. அந்த நாலாவது பேற்றில்தான் எல்லாம் தலைகீழானது. வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. இரத்தம் கொடுக்க ஓடியவர்களில் நானும் ஒருவன். ஒருவாறு பிழைத்தாள், பிழைத்த கையோடு கால் நரம்புக்குள் இரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது. லேடி டொக்டர் சுபியானைத் தனியாகக் கூப்பிட்டார். அவனுக்குக் காது கேட்காது என்பதால் என்னையும் கூப்பிட்டார். இன்னொரு பிள்ளை வயிற்றில் தங்கினால் றுமைஸா இருக்க மாட்டாள் என்று மறைக்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. காலில் இரத்தம் கட்டியவளுக்கு ஹோர்மோன் உள்ள கருத்தடைக் குளிசை ஆகாது என்றார்கள். ஊசி போட்டுப் பார்த்தார்கள், கருப்பைக்குள் லூப் வைத்துப் பார்த்தார்கள்; இரத்தத்தை இளக்கும் மருந்து குடிக்கிறவளுக்கு உதிரம் நிற்காமல் போய், மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்தான் மிச்சம். திரும்பவும் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டுவதற்கு டொக்டர் துணியவில்லை. ஆண்கள் போடும் உறை? நாலாமவள் வந்ததே அதை நம்பித்தான். "நீங்க செய்துகொள்றதுதான் லேசு, பத்து நிமிஷ வேலை" என்று டொக்டர் சுபியானைப் பார்த்துச் சொன்னார். ஆண்களுக்குச் செய்யும் ஒப்பரேசனைத்தான் சொன்னார்.

என்னை அவன் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான். திரும்பி வரும்போது மோட்டர் சைக்கிளின் பின்னால் இருந்து என் முதுகுக்குச் சொன்னான்.

"காக்கா, மலடெண்ட சொல்லும் என்ட கடையும் ஒரே வாயில வரப்படாது. ஒருக்கா வந்து நான் பட்டது போதும்."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மார்க்கப் பயமும் இருந்தது. நிரந்தரமாக அறுத்துவிடுவது ஹறாம் என்று கேட்டு வளர்ந்தவன். உயிர் ஆபத்து என்றால் சட்டம் வேறு என்று யாராவது மௌலவி எடுத்துச் சொல்லியிருப்பார். ஆனால் கேட்கப் போனால் பள்ளி முழுக்கக் கேட்குமே! ஆகவே அவன் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தான். இரவு இஷா தொழுததும் கடைக்குப் போய், மேசைகளைச் சுவரோடு தள்ளிவிட்டு, மாவு மூட்டைப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். காலையில் பிள்ளைகளுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வருவான். பிள்ளைகளைத் தூக்குவான், றுமைஸாவின் மருந்துப் பெட்டியைப் பார்ப்பான், போய்விடுவான். மாதங்கள் இப்படியே போயின. அவள்மேல் ஆசை இல்லாமல் ஓடவில்லை; ஆசையை நம்ப முடியாமல்தான் ஓடினான். இதை அவளிடம் சொல்ல அந்த மடையனுக்கு வாய் வரவில்லை. வந்தாலும், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமி படுத்திருந்தா.

மாமி என்றால் சபியா உம்மா, எங்கள் இருவருக்கும் மாமியார். நல்ல மனுசி, ஆனால் ஒரு முடிவுக்கு வந்தால் அல்லாஹ்தான் திருப்ப வேண்டும். டொக்டர் சொன்னதை றுமைஸா சொன்னபோது, "டொக்டர்மார் அப்புடித்தான் வெருட்டுவாங்க, என்னயும் வெருட்டினவங்க, பொறகுதான் ஹிஷாம் பொறந்தான்" என்று முடித்துவிட்டா. நாலும் பெண்ணாகப் போன வீட்டுக்கு ஒரு ஆண் பிள்ளை வேண்டும். மருமகன் வீட்டில் படுப்பதில்லை. அப்படியானால் அவனுக்கு வேறெங்கோ ஒருத்தி இருக்கிறாள். மாமியின் கணக்கு அவ்வளவுதான். கொடுமை என்னவென்றால் றுமைஸாவும் அதை நம்பத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஹிஷாம் லீவில் வந்தான். மாமியின் ஒரே மகன், வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் வேலை. என்ன ஆராய்ச்சி என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எலி" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். வெள்ளாமை செய்கிற ஊரில் எலி ஆராய்ச்சி என்றால் எலியைக் கொல்கிற ஆராய்ச்சி என்றுதானே விளங்கும்? மாமி ஊரெல்லாம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டா. எங்கள் தாய்வழிக் குடியின் தலைவரான மரைக்காயர் பக்கீர் முகைதீன், பள்ளி நிர்வாகத்தில் எங்கள் குடிக்காக இருப்பவர், வயற்காரர். அவர் ஒரு நாள் வந்து, "தம்பி, கதிர் பறியுற நேரத்துல எலி வெட்டித் தள்ளுது, நீங்க செய்ற மருந்துல ஒரு போத்தல் தாங்க" என்று கேட்டே விட்டார். ஹிஷாம் தலையைச் சொறிந்தான்.

எனக்கு அவன் முழி பிடிக்கவில்லை. என் கடையில் வைத்து நோண்டி நோண்டிக் கேட்டதில் உண்மையைக் கக்கினான். அவன் எலியைக் கொல்லவில்லை. ஆண் எலியின் உடம்பில் விந்தணு எப்படி உண்டாகிறது, அதை இடையில் எப்படி நிறுத்தி வைக்கலாம் என்று பார்க்கிறான். ஹோர்மோனைத் தொடாமல், ஆண்களுக்கு ஒரு கருத்தடை மருந்து. அதுதான் அவர்களுடைய தேடல். நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். ஒரே வளவுக்குள் ஒருவன் அந்த மருந்துக்காக ஏங்கிச் சாகிறான், மற்றவன் அதைத் தேடுகிறேன் என்று எலியின் பின்னால் நிற்கிறான்!

அடுத்த நாள் பகல் சாப்பாட்டு நெருக்கடி ஓய்ந்ததும் இருவரையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அலைச் சத்தத்தில் சுபியானின் குரல் கரைந்துவிடும் என்பது என் யோசனை. தோணிகளின் மறைவில் உட்கார்ந்தோம். மச்சானிடம் இப்படிப்பட்ட விசயம் கதைக்கச் சுபியான் கூசினான். முழுவதையும் நானே சொன்னேன், றுமைஸாவின் நிலை உட்பட. தன் கூடப் பிறந்தவளுக்கு இவ்வளவு ஆபத்து என்று ஹிஷாமுக்கு அப்போதுதான் தெரியும். கொஞ்ச நேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, சுபியானின் முகத்துக்கு நேரே திரும்பி உட்கார்ந்தான்.

"மச்சான், நீங்க ரொட்டி போடுறீங்கதானே. மாவு குழைக்கிறீங்க, உருண்டை புடிக்கிறீங்க, எண்ணெயில ஊறப் போடுறீங்க, வீசுறீங்க, கல்லுல போடுறீங்க. ஆம்புளட உடம்புல விந்தணு உண்டாகிறதும் அப்புடித்தான், படிப்படியா. முதல் மாவுல இரிந்து கடைசி ரொட்டி வர ரெண்டரை மாசம் போகும். நாங்க தேடுறது, வீசுற இடத்துல மட்டும் வேலைய நிப்பாட்டுற மருந்து. மாவு அப்புடியே பத்திரமா இரிக்கும். மருந்த உட்டா திரும்ப ரொட்டி வரும்."

"எலிக்குச் சரிவந்ததா?"

"எலிக்கு வருது. மருந்து குடுத்தா குட்டி இல்ல. நிப்பாட்டினாக் கொஞ்ச நாள் போக குட்டி போடுது. குட்டியும் சுகமா இரிக்கி."

சுபியானின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாதக் கணக்கில் காணாத முகம்.

"அப்ப அந்த எலிட மருந்தையே எனக்குத் தா. என்ன வந்தாலும் என்ட பொறுப்பு."

"ஏலா மச்சான். எலிட உடம்பு வேற, உங்கட உடம்பு வேற. வேற வேற இடத்துல ஒண்டு ரெண்டு மருந்த ஆக்களுக்குக் குடுத்துப் பாக்கத் தொடங்கியிரிக்காங்க. கடைக்கு வரப் பத்து வருஷமும் ஆகும். வராமலும் போகும்."

"பத்து வருஷம் போனா றுமைஸாக்குப் புள்ள வார வயசே போயிருமே! பொறகு எனக்கு என்னத்துக்கு மருந்து?"

சுபியான் எழுந்து நின்றான். அலையையும் மீறி அவன் குரல் கிளம்பியது.

"அண்டைக்கு என்ட அடுப்படிக்குள்ள இரிக்கெண்டு அடிச்சானுகளே ஹிஷாம்! அந்த மருந்து எங்கதான்டா இரிக்கி?"

கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவனைப் பிடித்து உட்கார வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. அவனை அடித்தவர்கள்மேல் கோபம், எலியோடு நின்றுவிட்ட படிப்பின்மேல் கோபம், மாமிமேல் கோபம். ஒருவர்மேலும் கை வைக்க முடியாத கோபம்.

மாமி காத்திருக்கவில்லை. மரைக்காயரிடம் போய் முறையிட்டுவிட்டா. அந்தக் கிழமைக்குள்ளேயே, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி விறாந்தையில் விசாரணை. சுபியான் நடுவில், மரைக்காயரும் இன்னும் சிலரும் எதிரில், நானும் ஹிஷாமும் ஓரத்தில்.

"மகன், ஒளிக்காமச் செல்லுங்க," என்று மரைக்காயர் சத்தமாக, ஆனால் மரியாதையாகத்தான் கேட்டார். "வேற எங்கயும் தொடர்பு இரிக்கா?"

"இல்ல."

"அப்ப வீட்ட படுக்காததுக்கு என்ன காரணம்?"

சுபியான் தரையைப் பார்த்தான். சொல்லலாம். சொன்னால் றுமைஸாவின் வயிற்றுக் கதை பள்ளி விறாந்தையில் கிடக்கும். தெருவில் போகிறவனுக்கும் கேட்கும். அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். நான் சொல்ல எழுந்தேன். அவன் என் சாரனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான். ஹிஷாமைப் பார்த்தேன், அவன் கூரையைப் பார்த்தான்.

மௌனம் என்றால் குற்றம்தானே. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை எடுத்துக்கொண்டு பெண்ணுக்கு விடுதலை கொடுக்க வேண்டும் என்று தீர்ந்தது. போனால் அவள் உயிருக்கு ஆபத்து, போகாவிட்டால் அவளே இல்லை. மனிதனை இதைவிட இறுக்கமான மூலைக்குத் தள்ள யாராலும் முடியாது. தள்ளியவர்களோ நல்லது செய்துவிட்டோம் என்று பிளேன்டீ குடித்தார்கள்.

வெளியே வந்ததும் ஹிஷாமைப் பிடித்து உலுக்கினேன். "படிச்ச வாயால ஒரு சொல்லுச் செல்லியிரிக்கலாமே!"

"என்னெண்டு மச்சான் செல்ற? முஸ்லிம் பொடியன் ஒருத்தன் ஆம்புளயளுக்குப் புள்ள வராம மருந்து செய்றான் எண்டு நாளைக்கு எவனாவது ஃபேஸ்புக்கில போட்டா, இந்த வீடு மிஞ்சுமா? சுபியான் மச்சானுக்கு விழுந்த அடி உங்களுக்கு மறந்துட்டா?"

எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் பிடியை விட்டேன்.

மறுநாள் சுபியான் என் கடைக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னான். றுமைஸாவிடம் சொல்லிவிட்டுச் செய் என்றேன்.

"செல்லமாட்டன் காக்கா. ஹறாம் எண்டு அழுவா, உடமாட்டா. செல்லாமச் செய்ஞ்சா பாவம் என்னோட மட்டும்தானே."

எங்கள் முகம் தெரியாத ஒரு தூர ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரொட்டி கருகாமல் பார்க்கிற அந்தக் கை கட்டிலின் விளிம்பை விடவேயில்லை என்று உள்ளே இருந்த தாதி சொன்னா. முடிந்ததும் டொக்டர் விளக்கினார்: ஏற்கெனவே உண்டானது உள்ளே தங்கியிருக்கும், அது தீர மூன்று மாதம் போகும், சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கவனம். சுபியான் என் பக்கம் திரும்பினான்.

"ஹிஷாம் செல்லித்தந்தானே. கல்லுல கிடக்கிற ரொட்டி முடியணும்."

வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் பெரிய சாப்பாடு. மகளின் வாழ்க்கை திரும்பிவிட்டது என்று கோழியும் ஆட்டிறைச்சியும். மண்டபத்தில் பாய் விரித்து, பெரிய சஹன் தட்டுகளில் சோறு வைத்து, ஒவ்வொரு சஹனையும் சுற்றி ஆண்கள் உட்கார்ந்தோம். திரைக்கு அப்பால் பெண்கள். சுபியான் கால்களைப் பக்குவமாக மடித்து உட்கார்ந்ததை நான் மட்டும் கவனித்தேன். மரைக்காயர் கையேந்தித் துஆ கேட்டார். இந்த வீட்டில் ஒற்றுமையைத் தா யா அல்லாஹ் என்றார். ஆமீன் என்றோம். றிஸ்க்கில், உண்ணும் சோற்றில், பறக்கத்தைத் தா என்றார். ஆமீன். பிறகு மாமி சொல்லிவைத்ததைக் கேட்டார்.

"இந்தப் புள்ளட வயித்துல ஒரு ஆம்புளப் புள்ளயத் தந்து இந்த வீட்ட நிரப்பு யா அல்லாஹ்."

எல்லோரும் ஆமீன் என்றார்கள். சுபியானுக்குத் துஆ எவ்வளவு விளங்கியதோ தெரியாது, எல்லோரின் வாயும் அசைந்ததைப் பார்த்து அவனும் சொன்னான், மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே: "ஆமீன்!"

திரைக்குப் பின்னால் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டது. முஸ்பிறா திரையை விலக்கி என்னைக் கூப்பிட்டாள். "தங்கச்சி பூட்டிக்கிட்டா. நான் மவுத்தாகி மண்ணுக்குள்ள போறதுக்கு அவரும் ஆமீன் செல்லிட்டாரே எண்டு அழுறா."

நான் சுபியானின் தோளைத் தொட்டு, கதவைக் காட்டினேன். அவன் எழுந்து போனான். சாத்திய கதவோடு வாயை வைத்து, அவனுடைய கணக்கில் மிக மெதுவாக, உள்ளே இருப்பவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"பயப்புடாத புள்ள. இனி ஒண்டும் வராது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிக்கிட்டு வந்துட்டன்."

மண்டபத்தில் ஒரு சோற்றுப் பருக்கை அசையவில்லை. மரைக்காயரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. மாமி அடுப்படி வாசலில் அப்படியே குந்திவிட்டா. ஹிஷாம் முகத்தை மூடிக்கொண்டான். சுபியான் ஒருவனுக்குத்தான் எதுவும் தெரியாது; அவன் முதுகு எங்கள் பக்கம், முகம் கதவோடு.

கதவு திறந்தது. றுமைஸா அவன் தோளுக்கு மேலால் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். யாராவது வாய் திறந்தால் தெரியும் என்கிற பார்வை. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் பயத்துலதானா இவ்வளவு நாளும் கடையில கிடந்தீங்க?"

"ஓம். இன்னும் மூணு மாசம் போகணுமாம். அதுவரைக்கும் நான் கடையிலயே படுக்கன்."

"கடையில என்னத்துக்கு?" அவள் குரல் உடைந்தது. "இஞ்ச பாய் ரெண்டு கிடக்குதானே."

அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மரைக்காயர் பாதி வழியில் நின்ற கையைச் சஹனுக்கு இறக்கி, "சாப்புடுங்க, சோறு ஆறுது" என்றார்.

இது நடந்து ஒரு மாதம் ஆகிறது. யாரும் அவனிடம் சொல்லக் கூடாது என்பது றுமைஸாவின் கட்டளை. வளவுக்குள் அதை மீற ஆளில்லை, மாமி உட்பட. வளவுக்கு வெளியே யாரைக் கட்டிப்போட முடியும்? கடையில் ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். வருகிற சிலரும் அவனைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மழைக்காலம், வியாபாரம் மந்தம் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நேற்றுப் பின்னேரம் பிளேன்டீ குடிக்கப் போனேன். நாலைந்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள். சுபியான் ரொட்டிக் கல்லை விட்டு வந்து, குனிந்து, என் காதோடு கேட்டான்.

"காக்கா, ஒரு குருவிக்கும் தெரியாமச் செய்ஞ்சு முடிச்சம், பாத்தீங்களா?"

கடை முழுவதற்கும் கேட்டது.